ரயில் ஏறிப் பனி பார்த்தது

ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய்ப் பனிமலை பார்க்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். அந்தத் தேசத்தில் ஆகாய விமான நிலையமும் ரயில்வே ஸ்டேஷனும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகளைப் போல் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்பதில்லை. ஒரே வீட்டின் கூடமும் தாழ்வாரமுமாக அமைந்திருக்கின்றன. ஜூரிச் விமான நிலையத்துக்கு அடியில் 1980-ஆம் வருஷத்திலேயே ரயில் வந்துவிட்டது. ஜெனீவாவில் 1987-ல் வந்தது. விமானத்தை விட்டு இறங்கி, பெட்டியை வாங்கிக் கொண்டு, கூரைக்கு வெளியே தலையை நீட்டாமலே ரயில் வண்டிக்குள் போய் உட்கார்ந்து விடலாம். வெளியே பனி கொட்டினால் நமக்கென்ன, காற்று வீசினால் நமக்கென்ன?

ஆயினும் நம்மவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரில் கால் வைத்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "கார் வாடகை என்ன?" என்பதுதான். கார் என்றால் அந்தஸ்து, ரயில் என்றால் சிக்கனம் என்கிற எண்ணம் நம் மனத்தில் எப்படியோ வேரூன்றிவிட்டது. சென்ற டிசம்பர் மாதம், அரைப் பரீட்சை விடுமுறைக்கு முன்னால், எங்கள் குடும்பத்திலும் இதே வழக்கு எழுந்தது.

என் தம்பி ஜெனீவாவில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் மனைவியும் குழந்தையும் முன்னதாகவே ஸெர்மாட் என்னும் மலையூருக்குப் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் விமானத்தில் வந்து இறங்க வேண்டியது. தம்பி எங்களை எதிர்கொண்டு அங்கிருந்தே மலைக்கு அழைத்துப் போக வேண்டியது. இதுதான் ஏற்பாடு. அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. முழங்கால் வலி இன்று நேற்று வந்ததல்ல. "அண்ணா, அம்மாவை வைத்துக்கொண்டு நடுவில் வண்டி மாறுவது சாத்தியமா? கார் வைத்துவிடுகிறேன். வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம்" என்று தம்பி டெலிபோனில் வாதாடினான்.

வாசலில் இறங்கலாம் என்பது வாஸ்தவமல்ல. ஸெர்மாட்டுக்குள் பெட்ரோல் வண்டிகளை விடுவதில்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டாஷ் என்கிற ஊரில் காரை நிறுத்தி, மூட்டை முடிச்சுக்களை இறக்கி, அங்கே ரயில் ஏறித்தான் போயாக வேண்டும். ஆகவே வண்டி மாறுவது எப்படியும் தப்பாது. அதை டிசம்பர் மாதத்துப் பனிப் பாதையில் கார் ஓட்டிக் களைத்த பிறகு செய்வதா, சாவகாசமாகச் செய்வதா என்பதுதான் கேள்வி. மேலும் முழங்கால் வலிக்காரர்களுக்குக் காரில் காலை மடக்கிக் கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் போன்ற தண்டனை வேறு கிடையாது. நான் இவ்வளவையும் எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்தபோது, அம்மா குறுக்கே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏண்டா, அந்த ரயிலில் கழிப்பறை இருக்குமோ?" இருக்கும் என்றேன். "அப்படியானால் ரயில்தான்" என்றாள். வழக்கு முடிந்தது. வயோதிகர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த ஒரு நியாயத்தை மறக்கக் கூடாது.

டிக்கட்டு விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். அதன் விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வராது. அதற்குப் பரிகாரம் அந்த ஊர் ரயில்வேக்காரர்களே வைத்திருக்கிறார்கள். வெளிதேசத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு மாதத்துக்குச் செல்லுகிற பாதிக் கட்டணச் சீட்டு ஒன்றை வாங்கிக் கொள்ளலாம். அதன் பிறகு எந்த ரயிலிலும் ஏறக்குறைய அரை டிக்கட்டுத்தான். இன்னொரு சௌகரியம், சாதாரண டிக்கட்டு ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு என்று இல்லை. அந்த மார்க்கத்தில் அன்றைய தினம் எந்த வண்டியிலும் ஏறலாம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்து வந்தாலும் டிக்கட்டு வீணாவதில்லை. ஸ்டேஷனில் வாயிற்கதவும் கிடையாது, காவலும் கிடையாது. வண்டிக்குள் பரிசோதகர் வந்து பார்க்கிறார். டிக்கட்டு இல்லாமல் அகப்பட்டால் அபராதம் கடுமை.

ஜெனீவா விமான நிலைய ஸ்டேஷனில்தான் வண்டி புறப்படுகிறது. ஆகையால் காலியாக வந்து நிற்கும்; இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டியதில்லை. வலது பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார வேண்டும். ஏரி முழுவதும் அந்தப் பக்கம்தான்.

பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பாருங்கள் என்று அம்மாவுக்குக் காட்டினேன். 1944-ல் ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற ரயில்வே என்ஜினீயர் வகுத்த கடிகாரம் அது. அதன் சிவப்பு விநாடி முள் பின்னால் சேர்க்கப்பட்டது. அந்த முள் ஒரு சுற்றை ஐம்பத்தெட்டரை விநாடியில் ஓடி முடித்துவிட்டு, உச்சியில் ஒரு கணம் மூச்சுப் பிடித்து நிற்கிறது. தலைமைக் கடிகாரத்திலிருந்து உத்தரவு வந்ததும் நிமிஷ முள் ஒரு கட்டம் தாவ, சிவப்பு முள்ளும் மறுபடி புறப்படுகிறது. தேசம் பூராவும் உள்ள ஸ்டேஷன்களில் ஒரே சமயத்தில் இந்த வேடிக்கை நடக்கிறது. பள்ளிக்கூட மணியை நம்பிப் பிழைப்பவனாகிய எனக்கு அந்தக் காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

ஏழு நிமிஷத்தில் ஜெனீவா நகரம். அங்கேதான் சியாம்ஜி கிருஷ்ண வர்மா தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். லண்டனில் நம் வ. வே. சு. ஐயர் தங்கியிருந்த இந்தியா ஹவுஸை 1905-ல் நிறுவியவர் அவரே. 1930-ல் ஜெனீவாவில் காலமானார். அவருடைய அஸ்தி 2003-ஆம் வருஷந்தான் தாயகம் வந்து சேர்ந்தது. ஜெனீவாவுக்கு அருகிலேயே ஒரு வைத்திய விடுதியில் 1933-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி வித்தல்பாய் பட்டேல் உயிர் நீத்தார். மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவர். கடைசி நாட்களில் படுக்கை அருகில் இருந்து பணிவிடை செய்தவர் சுபாஷ் சந்திர போஸ். பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் ஏறுகிற வண்டிதான். ஆனால் அதன் ஜன்னல் வழியாக நம் சரித்திரமும் கொஞ்சம் தெரிகிறது.

லோஸான் நகரம் வந்ததும் நான் அம்மாவிடம் கமலா நேருவைப் பற்றிச் சொன்னேன். க்ஷயரோகத்துக்குச் சிகிச்சை பெற வந்தவர், 1936 பிப்ரவரி 28-ஆம் தேதி இந்த ஊரில்தான் கண்ணை மூடினார். நேரு அருகில் இருந்தார். அப்போது அவர் அல்மோரா சிறையிலிருந்து விடுதலையாகி ஆறு மாதங்கூட ஆகவில்லை. "என்ன வயசு?" என்று அம்மா கேட்டாள். முப்பத்தாறு என்றேன். அம்மா ஏரியைப் பார்த்துக் கொண்டே இருந்தாள். வெகு நேரம் கழித்து, "பெண் எங்கே இருந்தாள் அப்போது?" என்றாள். பெண் இந்திரா இதே பாதையில் முன்னால் வருகிற பெக்ஸ் என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தாள். பெக்ஸ் ஸ்டேஷனை வண்டி கடந்தபோது நான் சொல்லாமலே அம்மா பலகையைப் படிக்க முயன்றாள்.

லோஸானுக்கு அப்பால் சரிவெல்லாம் படிப்படியாகக் கட்டிய திராட்சைத் தோட்டங்கள். கல் அடுக்கி மண் நிரப்பி நூற்றாண்டுக் கணக்காக மனிதர் கையால் உண்டாக்கிய மலைச்சரிவு. டிசம்பரில் கொடிகள் மொட்டையாக நிற்கின்றன. ஆகையால் கல்வேலை நன்றாகத் தெரிகிறது. மோன்ட்ரோ ஊருக்கப்பால், தண்ணீரிலேயே கால் வைத்து நிற்கிற ஷியோன் கோட்டை. 1816-ல் பைரன் இங்கே வந்து கோட்டையின் நிலவறையைப் பார்த்துவிட்டு ஒரு கைதியைப் பற்றிப் பாடினான். ரயில் அதை உரசிக் கொண்டு போகிறது. கண்ணைச் சிமிட்டினால் போச்சு.

அடுத்தாற்போல் வில்னவ். வண்டி அங்கே நிற்கவில்லை. ஆனால் 1931 டிசம்பர் 6-ஆம் தேதி மகாத்மா காந்தி நின்ற ஊர் அது. வட்டமேஜை மகாநாட்டில் வெறுங்கையாகத் திரும்பிய காந்தி, பாரதத்துக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் இங்கே ரோமன் ரோலந்தின் வீட்டில் ஐந்து நாட்கள் தங்கினார். ரோலந்து அதற்கு ஏழு வருஷங்களுக்கு முன்பே காந்தியைப் பற்றிப் புஸ்தகம் எழுதியவர்; ஆனால் நேரில் பார்த்தது அப்போதுதான். கடைசி நாள் மாலை காந்தி கேட்டுக் கொண்டதன் பேரில் அவர் பீத்தோவனின் சங்கீதத்தைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். இடையில் லோஸானில் நடந்த கூட்டத்தில்தான், கடவுளே சத்தியம் என்று சொல்லி வந்த தாம் சத்தியமே கடவுள் என்று ஏன் மாற்றிச் சொல்லத் தொடங்கினார் என்பதைக் காந்தி விளக்கினார். அந்தக் காலத்தில் இந்த ரயில்களில் மூன்றாம் வகுப்பு இருந்தது. 1956-ல் ஐரோப்பிய ரயில்வேக்கள் அதை எடுத்துவிட்டன. இன்றைய இரண்டாம் வகுப்பு நம் ஊரின் உயர்ந்த வகுப்புக்கு ஒன்றும் குறைந்ததல்ல.

ஏரி முடிந்து ரோன் நதியின் பள்ளத்தாக்கு ஆரம்பமாகிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் சமதரை. இங்கே சிறிது நேரம் கண்ணுக்கு வேலை இல்லை. ஆகவே இந்த ரயில் யாருடையது என்கிற கதையைச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்விஸ் ரயில்கள் தனியார் கம்பெனிகளின் உடைமை. பங்குகளில் பெரும் பகுதி பிரெஞ்சுக்காரர்கள் கையிலும் ஜெர்மானியர்கள் கையிலும் இருந்தது. "ஸ்விஸ் ரயில்கள் ஸ்விஸ் ஜனங்களுக்கே" என்று கோஷம் எழுந்தது. 1898 பிப்ரவரி 20-ஆம் தேதி ஜனங்களே ஓட்டுப் போட்டு, பெரிய கம்பெனிகளைத் தேசத்துக்கு வாங்கிவிடத் தீர்மானித்தார்கள். 1902-ல் தேசிய ரயில்வே பிறந்தது. முதல் மகா யுத்தத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. அந்த நாட்டில் நிலக்கரி கிடையாது. ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். யுத்தத்தில் அது அருகிப்போய், விலை ஏறி, வண்டிகளைக் குறைக்க வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கரி கொடுத்தால்தான் நம் வண்டி ஓடும் என்ற நிலைமையை அவர்கள் பொறுக்கவில்லை. தங்கள் மலையருவிகளையே வெள்ளைக் கரி என்று பேரிட்டு, மின்சாரம் எடுத்து, சில பத்தாண்டுகளில் அநேகமாக எல்லாப் பாதைகளையும் மின்மயமாக்கினார்கள். நம்முடைய வண்டியை அன்று இழுத்ததும் அதே தண்ணீர்தான்.

1982-ல் இன்னொரு புத்தி செய்தார்கள். மணிக்கொரு வண்டி, அதுவும் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிஷத்தில். பெரிய ஸ்டேஷன்களில் நாலா திசை வண்டிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஜனங்களை மாற்றிக் கொண்டு பிரியும். சந்தை கூடிக் கலைகிற மாதிரி. இந்த ஏற்பாட்டின் பேரில் நம்பிக்கை வைத்துத்தான் நான் அம்மாவை அழைத்துக் கொண்டு கிளம்பினேன்.

ஸியர் ஸ்டேஷனில் தம்பி இடது பக்கத்து மலையைக் காட்டினான். அதன் மேலேதான் மொன்டானா. 1926-27 வாக்கில் கமலா நேரு முதல் முறை சிகிச்சைக்கு வந்தபோது ஜெனீவாவிலும் மொன்டானாவிலும் தங்கினார். அப்போது அது நோயாளிகளின் மலை. இப்போது பனிச்சறுக்குக்காரர்களின் மலை. வெயிலும் வறண்ட காற்றும் இரு சாராருக்கும் வேண்டியவையாக இருந்தன போலும். ஸியரைத் தாண்டியதும் இன்னொரு விசித்திரம். அதுவரை பிரெஞ்சு பேசி வந்த தேசம் ஜெர்மன் பேசத் தொடங்குகிறது. எல்லைக் கல்லோ, கொடியோ, சண்டையோ எதையும் நாங்கள் காணவில்லை. ஸ்டேஷன் பலகையிலும் வண்டிக்குள் ஒலிக்கிற குரலிலும் மட்டும் பாஷை மாறிவிடுகிறது.

விஸ்ப் ஸ்டேஷன். அவ்வூரார் 'ஃபிஸ்ப்' என்கிறார்கள். இங்கேதான் இறங்கி ஏற வேண்டும். பிரயாணம் பூராவுக்கும் இந்த ஒரு மாற்றந்தான். எங்களுக்கு இருந்த அவகாசம் பத்து நிமிஷத்துக்கும் குறைவு. வண்டி நிற்பதற்கு முன்பே தம்பி இரண்டு பெட்டிகளோடு கதவருகில் போய் நின்றான். நான் அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டேன். சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்த வாலிபர்கள் கூட்டமாக இறங்கினார்கள். எங்களைத் தள்ளிக் கொண்டு ஓடுவார்கள் என்று பயந்தேன், ஒருவரும் ஓடவில்லை. எதிர் வண்டி தங்களை விட்டுவிட்டுப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். மாடிப்படிக்குப் பதிலாகச் சரிவான வழி இருந்தது. அம்மா நடந்தாள், மெதுவாக, ஒவ்வோர் அடியாக. மலை ரயிலின் தளம் தரை மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தபடியால், படி என்று ஒன்றைக் காலைத் தூக்கி ஏற வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த பிறகு அம்மா சொன்னது: "இவ்வளவுதானா? இதற்கா அவன் கார் கார் என்றான்?" தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டான்.

விஸ்ப்பிலிருந்து ஸெர்மாட் 35 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 950 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். பாதையின் அகலம் ஒரு மீட்டர். 1891-ல் ஸெர்மாட் வரை திறந்தார்கள். 1929-ல் மின்சாரம் வந்தது. செங்குத்தான இடங்களில், எட்டடி போனால் ஓரடி ஏறுகிற சரிவில், சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கொண்டு ஏறுகிறது. சட்டங்களின் பற்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருப்பதால், ஒரு பல் விடுவதற்குள் இன்னொரு பல் பிடித்துக் கொள்ளும். ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் என்ஜினீயர் 1882-ல் உரிமை பெற்ற முறை இது.

பற்சக்கரம் கவ்வியதும் வண்டியின் வேகம் தணிந்து, அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பிற்று. அம்மா சட்டென்று நிமிர்ந்து, "அடே, இது நம் ஊட்டி வண்டியல்லவா?" என்றாள். அம்மாவின் காது தப்புச் செய்யவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ஓடத் தொடங்கிய நீலகிரி ரயிலும் ஆப்ட் முறைதான். அதே ஒரு மீட்டர் அகலந்தான். பல தலைமுறைகள் அதைத் தள்ளிக் கொண்டு மலையேறிய நீராவி என்ஜின்கள் ஸ்விட்ஸர்லாந்தில் விண்டர்தூர் என்னும் ஊரில் வார்க்கப்பட்டவை. நம்முடையது பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு; இங்கே எட்டுக்கு ஒன்று. எனக்கென்னவோ கல்லாறு தாண்டிக் காட்டுக்குள் ஏறுகிற அழகு இங்கே இல்லை என்றே தோன்றிற்று. ஆனால் அதோ அந்தப் பனிச் சிகரங்களுக்கு நீலகிரியில் பதில் கிடையாது. சரிக்குச் சரி என்று வைத்துக் கொள்வோம்.

பள்ளத்தாக்கு வர வரக் குறுகுகிறது. ராண்டா என்ற ஊரை அணுகும்போது வலது பக்கம் ஒரு பெரிய கற்குவியல் மலைச்சரிவிலிருந்து இறங்கிக் கிடப்பதைக் காணலாம். குவியல் என்றால் போதாது. அதுவே ஒரு குன்று. 1991 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மலை இரண்டு தடவை பெயர்ந்து விழுந்தது. சுமார் மூன்று கோடி கன மீட்டர் பாறை. ரயில் பாதையும் சாலையும் புதைந்தன, ஆறு அடைபட்டுத் தேங்கிற்று. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. பாதையை விலக்கிப் புதிதாகப் போட்டார்கள். 2018 ஜனவரியில் பனி மிஞ்சி, பனிச்சரிவுக்கு அஞ்சி ரயிலையும் சாலையையும் மூடியபோது, ஸெர்மாட்டில் ஏறக்குறைய 13,000 பிரயாணிகள் அகப்பட்டுக் கொண்டார்கள். ஆகவே திரும்பும் விமானத்துக்கு அன்று காலையில் மலையிலிருந்து புறப்படலாம் என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாளே ஜெனீவாவுக்கு இறங்கி விடுங்கள்.

டாஷ் ஸ்டேஷனில் கார்க்காரர்கள் பெட்டிகளை இழுத்துக் கொண்டு எங்கள் வண்டியில் ஏறினார்கள். தம்பி வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் ஸெர்மாட். விமான நிலையத்தில் ஏறியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்டேஷன் வாசலில் மின்சார வண்டிகள் குதிரை லாயத்தில் நிற்பது போல் வரிசையாக நின்றன. மாட்டர்ஹார்ன் சிகரம் மேகத்துக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் மேகம் விலகியது. 4,478 மீட்டர். 1865 ஜூலை 14-ஆம் தேதி எட்வர்ட் விம்பர் முதலிய ஏழு பேர் உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டார்கள். அறுந்த கயிற்றை ஊர்க் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்து 1898-ல் போட்ட இன்னொரு மின்சாரப் பற்சக்கர ரயில், கோர்னர்கிராட் என்கிற 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. சறுக்குக்காரர்கள் அதில் மேலே போய்ச் சறுக்கிக் கொண்டு கீழே வருகிறார்கள். நானும் தம்பி மனைவியும் குழந்தையும் போய் வந்தோம். மேலேயிருந்து பனியாறு தெரிகிறது. அதன் ஓரங்களில் பாறை அம்மணமாக நிற்கிற உயரத்தைப் பார்த்தால், பனி எவ்வளவு தூரம் வற்றியிருக்கிறது என்று கண்ணே அளந்து கொள்ளும். 2022, 2023 ஆகிய இரண்டே வருஷங்களில் ஸ்விஸ் பனியாறுகள் தங்கள் கனத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. குழந்தையை அந்தப் பக்கம் திருப்பி நன்றாகப் பார்த்துக் கொள்ளச் சொன்னேன்.

அம்மா மேலே வரவில்லை. அந்த உயரத்தில் மூச்சு எப்படியிருக்குமோ என்று வைத்தியர் யோசனை சொல்லியிருந்தார். தம்பி துணையிருக்க, ஹோட்டல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு எதிரில் வெள்ளைச் சமையல் உடை தரித்த ஒரு மனிதர் நின்று கொண்டிருந்தார். புடவையைப் பார்த்துவிட்டு, "அம்மா, எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டுக் கொண்டு வந்தாராம். யாழ்ப்பாணத்துக்காரர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டவர். எண்பத்தைந்தில் இங்கே வந்து, பாத்திரம் துலக்குவதில் ஆரம்பித்து, சமையல்காரராக உயர்ந்திருக்கிறார். அந்தத் தேசத்தில் ஈழத் தமிழர்கள் ஏறக்குறைய 50,000 பேர் இருக்கிறார்கள். பெர்ன் நகரில் பல மதத்தாருக்கும் பொதுவாக 2014-ல் திறந்த கட்டிடத்தில் அவர்களுக்கு ஒரு சைவக் கோயிலும் உண்டு. மாதம் ஒரு முறை ரயிலேறி அங்கே போய் வருவதாகச் சொன்னார். அவருடைய தாயார் ஊரிலேயே காலமாகிவிட்டார். கடைசியாகப் பார்க்கப் போக முடியவில்லை. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் வந்தன. அம்மாவுக்கு மட்டும், பட்டியலில் இல்லாத ஒரு கிண்ணம் மிளகு ரசம் வந்தது.